சூசையப்பரின் விருந்தாளிகள்

ஸ்காபரோ, கனடா
20.02.1996

அன்புள்ள அக்கா,

இங்கே முழங்காலளவு பனி. கொழும்பில் குண்டு வெடித்ததை ரீவியில் பார்த்த நாள் முதல் உங்களை நினைத்துத்தான் பயம். வடக்கு ஆட்களை வீடு வீடாகத் தேடிப் பிடிக்கிறார்களாம். கதவைப் பூட்டிக்கொண்டு இருங்கோ. இந்த வயதில் பார்சல் சாப்பாட்டு வியாபாரம் தேவையா?

மார்ச் பத்தொன்பது சூசையப்பர் திருநாள். அம்மா செய்ததுபோல ஒரு கிழவர், ஒரு பெண், ஒரு பிள்ளை என மூன்று ஏழைகளுக்குத் திருக்குடும்பத்தின் பேரில் சாப்பாடு கொடுங்கோ. அம்மாவின் ஆன்மாவுக்காக. காசு அனுப்பியிருக்கிறேன். தவக்காலம் என்று சுருக்காமல் நல்ல மீனாக வாங்குங்கோ.

அன்புத் தம்பி,
செபஸ்தியன்

கொட்டாஞ்சேனை
21.03.1996

மாதாவின் காவலில் இருக்கும் தம்பிக்கு,

கதவைப் பூட்டினால் சோறு எப்படியடா வெளியே போகும்? துறைமுகக் கிளார்க்குகளும் ஸ்ரேசன் பொலிஸ்காரரும் மத்தியானம் என் பார்சலைத்தான் சாப்பிடுகிறார்கள்.

திருநாளுக்கு ஆள் தேட நான் கோயில் வாசலுக்குப் போகவில்லை. ஸ்ரேசனுக்குப் பார்சல் கொண்டுபோனபோது, பிடித்தவர்களை அடைத்துவைக்கும் கம்பிக் கூட்டுக்குள்ளே மூன்று பேரைக் கண்டேன். கண் ஒப்பரேஷனுக்காக முல்லைத்தீவிலிருந்து வந்த சின்னராசா என்ற கிழவர். பெரிய வீடொன்றில் வேலைசெய்யும் ஹற்றன் பக்கத்து ஆறாயி, அடையாள அட்டை இல்லாதவள். அவளுடைய சின்ன மகள். சாப்பாடு கொண்டுவர மூவருக்கும் நாதியில்லை. சூசையப்பரே கூட்டிவந்து நிறுத்தியதுபோல இருந்தது.

திருநாளன்று பக்கத்து வீட்டு ஜவாஹிறாவும் நானும் சட்டிகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். சொந்தக்காரர் மட்டும்தான் சாப்பாடு கொடுக்கலாம் என்று ஸ்ரேசனுக்குப் பொறுப்பான பெரியவன் மறித்தான். “மே கட்டிய ஒயாட்ட கவுத?” இவர்கள் உனக்கு யார் என்று கேட்டான். “மகே அமுத்தோ” என்றேன். என் விருந்தாளிகள்! அவன் சிரித்துவிட்டு, எங்கள் பார்சல்களைத் தந்துவிட்டுப் போ என்றான்.

“ஏலாது மாத்தையா. விருந்தாளி சாப்பிடுமட்டும் அந்த அடுப்பில் சமைத்ததை வேறொருவர் வாயிலும் வைக்கக்கூடாது. எனக்குமில்லை, உங்களுக்குமில்லை” என்று அங்கிருந்த வாங்குப் பலகையில் குந்திவிட்டேன். பயந்தேன்தான். ஆனாலும் எழும்பவில்லை.

மீன் குழம்பு மணக்கிறது, நேரம் போகிறது. ஒவ்வொரு பொலிஸ்காரனாக வந்து சட்டியை எட்டிப் பார்த்தான். கடைசியில் வத்தளைச் சார்ஜன் ஒருவன், சிங்களக் கத்தோலிக்கன், பெரியவனிடம் போய் “சேர், அபே அம்மத் தெனவா” என்றான். எங்கள் அம்மாவும் இப்படிக் கொடுக்கிறவ என்று. பெரியவன் முணுமுணுத்துக்கொண்டு கூட்டைத் திறக்கச் சொன்னான்.

மூவருக்கும் நானே கைகழுவத் தண்ணீர் ஊற்றினேன். “நான் வேதக்காரன் இல்லைப் பிள்ளை” என்றார் சின்னராசா. “சூசையப்பர் அதைக் கேக்கேல்லை, நீங்கள் சாப்பிடுங்கோ” என்றேன். அம்மா இருந்திருந்தால் எனக்கு இரண்டு ஏச்சுப் போட்டுவிட்டு, பிள்ளைக்கு முள் எடுத்துக் கொடுத்திருப்பா.

அன்புடன் அக்கா,
செலீன்

ஸ்காபரோ
12.04.1996

அக்கா,

உங்களுக்கு விசரா? பொலிஸோடு விளையாடினது போதாதென்று, வெளியே விட்ட அந்தக் கிழவரை எங்கள் வீட்டு விலாசத்தில் பதிந்து வீட்டிலேயே வைத்திருக்கிறீர்களாம். என் மனைவியின் தங்கை இமெல்டா போன் எடுத்துச் சொன்னாள். அவருடைய பெடியன்கள் எந்த இயக்கமென்று உங்களுக்குத் தெரியுமா? ஏதாவது நடந்தால் வீட்டுக்காரன் நான்தான் பதில் சொல்லவேண்டும்.

பூசைக்குப் போங்கோ, செபமாலை சொல்லுங்கோ, யார் வேண்டாமென்றது? வேதம் கோயிலுக்குள் இருக்கட்டும். அந்த ஆளை உடனே அனுப்புங்கோ. இல்லையென்றால் வீட்டை விற்பேன், எனக்கு அக்கா இல்லை என்றும் நினைத்துக்கொள்வேன்.

செபஸ்தியன்

ஜம்பட்டா தெரு, பின்வீடு
கொழும்பு 13
05.05.1996

அன்புள்ள தம்பி,

வீட்டை விற்றுக்கொள். சாவி ஜவாஹிறாவிடம் இருக்கிறது. அது உன் உழைப்பு, எதிர்த்து ஒரு சொல் சொல்லமாட்டேன். கிழவரோடும் சட்டி பானையோடும் இந்தப் பின்வீட்டுக்கு வந்துவிட்டேன். மழைக்கு ஒழுகுகிறது, ஆனாலும் அடுப்பு எரிகிறது.

ஆறாயியையும் மகளையும் அவள் வேலைசெய்யும் வீட்டார் வந்து மீட்டார்கள். சின்னராசாவுக்கு யார் இருக்கிறார்கள்? தெருவில் விட்டால், பதிவில்லாத ஆளென்று அன்றைக்கே திரும்பப் பிடிப்பார்கள். அவருடைய பெடியன்களைப் பற்றி நான் கேட்கவில்லை. விசாரித்து முடித்துவிட்டா சோறு போடுவது?

வேதம் கோயிலுக்குள் இருக்கட்டுமாம்! வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. விடியமுன் அரிசி கழுவுகிறவளுக்கு அடுப்படியை விட்டால் வேறெங்கே வேதம்? பொலிஸ் ஓடர் நின்றுபோயிற்று. நிற்கட்டும். கிளார்க்குகள் வழி கேட்டு வருகிறார்கள். முந்தாநாள்வரை கிழவர் வெங்காயம் உரித்துத் தந்தார், கண் தெரியாததால் பாதித் தோலோடு.

நேற்று அவருக்கு ஒப்பரேஷன். சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்து வைக்கவேண்டுமென்றாள் நேர்ஸ். நான் வாய் திறக்கமுன் அவர், “இவ என்ரை தங்கச்சி” என்றார். நேர்ஸ் என்னைப் பார்த்தாள். “ஓம், தங்கச்சிதான். எழுதுங்கோ” என்று கையெழுத்து வைத்தேன்.

பொய் என்பாய். ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் சுவாமி “சகோதரரே, சகோதரிகளே” என்று கூப்பிட்டபோது, இது பொய்யென்று நீயும் நானும் எழும்பிப் போனோமா?

உனக்கு அக்கா இல்லையென்று நீ நினைத்துக்கொள். எனக்குத் தம்பி இல்லையென்று நான் நினைக்கமாட்டேன், நீ எத்தனை கடிதம் போட்டாலும் சரி.

உன் அக்காதான்,
செலீன்