பேபி ஆஃப் நாகவல்லி

பட்டாபிராம்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய விஜி அண்ணிக்கு, நாகவல்லி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே உங்கள் தம்பி நலம், பிள்ளை நலம். நானும் இருக்கிறேன். அங்கே அண்ணனும் கிஷோரும் நலம்தானே? எத்தனையோ தடவை போன் செய்துவிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காததில் தப்பே இல்லை. நானாக இருந்தால் நம்பரையே அழித்திருப்பேன். அண்ணனூர் இங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தரம் கிளம்பினேன், இரண்டு தரமும் ஆவடியில் இறங்கி எதிர் ரயில் ஏறிவிட்டேன். உங்கள் வீட்டு வாசலில் நின்று என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதி உங்கள் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

பிள்ளைக்கு மூன்றரை மாதம் ஆகிறது. கழுத்து நின்றுவிட்டது. சிரித்தால் அப்படியே உங்கள் தம்பி. எனக்குத்தான் உடம்பில் தெம்பே இல்லை. பால் கொடுப்பது, துணி அலசுவது, மறுபடி பால் கொடுப்பது, இதிலேயே பொழுது போய்விடுகிறது. பள்ளிக்கூடத்தில் வேறு எப்போது வருகிறீர்கள் என்று கேட்கிறார்கள். இந்தக் கடிதத்தையே மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, நல்லபடி வளர்ந்த பிள்ளையின் பழந்துணிதான் போட வேண்டும் என்று நீங்கள் கிஷோருடைய சட்டைகளைக் கொண்டுவந்தீர்கள். இருபது வருடமாக டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தவை. ‘இன்னா டீச்சரம்மா அப்டி பாக்குற? ஆகி வந்த துணிம்மா. போட்டுப் பாரு, ராசா மாரி கீறான்’ என்றீர்கள். நானும் சிரித்துக்கொண்டே போட்டேன். பத்து நாளில் பிள்ளைக்குக் கண் மஞ்சளாகி, மூத்திரம் டிக்காஷன் நிறத்தில் போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, வீட்டில் அந்துருண்டை உண்டா என்பதுதான். நான் திரும்பி உங்களைப் பார்த்தேன்.

அந்த வராண்டாவில் அத்தனை பேர் முன்னால், படிக்காத ஜனத்திடம் பிள்ளையைக் கொடுத்தது என் புத்தி என்று கத்தினேன். அதற்கு மேலும் ஒரு வார்த்தை சொன்னேன். அதை எழுதக் கை வரவில்லை அண்ணி. உங்களுக்குத் தெரியும். கிஷோருக்குப் பிறகு இன்னொன்று பிறக்கும் என்றுதானே அந்தச் சட்டைகளை எடுத்து வைத்தீர்கள்? அது பிறக்காமலே போனது தெரிந்திருந்தும் சொன்னேன். ‘கொயந்த பொயச்சிக்கினா போதும், நான் போறேன்’ என்று மட்டும் சொன்னீர்கள். கிஷோர் ரத்தம் கொடுத்துவிட்டு வந்துதான் உங்களைக் கூட்டிக்கொண்டு போனான்.

போன வாரம் இன்னொரு ரிப்போர்ட் வந்தது. நோய் முற்றியிருந்தபோது எடுத்த பரிசோதனையை நம்ப முடியாது என்று இப்போது திரும்ப எடுத்தார்கள். ரத்தத்தின் சிவப்பணு உடையாமல் காக்க ஒரு நொதி உண்டு. நொதி என்பது ஒரு புரதம். ஐந்நூற்றுச் சொச்சம் கண்ணிகள் கோத்த சங்கிலி ஒழுங்காக மடிந்து உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். ஒரே ஒரு கண்ணி மாறினாலும் சில சமயம் மடிப்பு கெட்டுவிடும். நம் பிள்ளைக்கு அது கெட்டுப் பிறந்திருக்கிறது. மற்ற பிள்ளைகள் அந்துருண்டை வாசத்தைத் தாங்கிக்கொள்கின்றன, இவனுடைய அணுக்கள் உடைந்துவிட்டன. இனிமேலும் சில மாத்திரைகள் ஆகாது, அந்துருண்டை ஆகவே ஆகாது. மற்றபடி எல்லாப் பிள்ளைகளையும் போல ஓடியாடி வளர்வான் என்கிறார் டாக்டர்.

அந்தக் கோளாறு எங்கிருந்து வந்தது தெரியுமா? மகனுக்கு இது அப்பா வழியில் வராது, அம்மா வழியில்தான் வரும். எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நான்தான் கொடுத்திருக்கிறேன். என் அம்மாவுக்கு எனக்குப் பிறகு பிறந்த தம்பி இருபதாம் நாள் மஞ்சள் பூத்துச் செத்துப்போனான். எதிர்வீட்டு அம்மாவின் திருஷ்டி என்றார்கள், அவளோடு என் அம்மா அதன்பிறகு பேசவே இல்லை. நானும் அதையேதான் செய்திருக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வருடமாக நொதி, பூட்டு, சாவி என்று போர்டில் படம் போட்டவள். நல்ல டீச்சர்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். என் பீரோவிலும் அந்துருண்டை கிடந்தது. பிள்ளையைச் சுற்றிய என் காட்டன் சேலைகளெல்லாம் அதற்குள் இருந்தவைதான். டாக்டர் கேட்டபோதே எனக்கு அது ஞாபகம் வந்தது அண்ணி. வந்தும் உங்களைக் கைகாட்டினேன். வீட்டுக்கு வந்த அன்றைக்கே, உங்கள் தம்பி குளிக்கப் போன நேரத்தில், அத்தனையையும் பொறுக்கி ஒரு கவரில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். நேற்றுதான் அவரிடம் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார், சாப்பிடத்தான் வந்தார்.

கிஷோருடைய சட்டைகளை நான் எறியவில்லை. துவைத்து, மொட்டை மாடியில் ஒரு வாரம் காயப்போட்டு, தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைக்குப் போட முடியாது. ஆனால் அவை உங்கள் கைக்குத்தான் வர வேண்டும்.

பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘பேபி ஆஃப் நாகவல்லி’ என்றுதான் இருக்கிறது. போன வாரம் வந்த ரிப்போர்ட்டிலும் அதே பேர்தான். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். என் அம்மா வந்து, யாராவது ஒருத்தர் காதில் சொல்லிவிட்டால் ஆயிற்று, எத்தனை நாள்தான் இப்படிக் கூப்பிடுவது என்கிறாள். நான் விடவில்லை. மடியில் போட்டு மூன்று தரம் பேர் சொல்ல அவனுக்கு அத்தை இருக்கிறாள்.

என்ன பேர் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை அண்ணி. என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, என்னோடு பேச வேண்டாம், ஒரு வாய் காபி கூடக் குடிக்க வேண்டாம். வந்து அவன் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதுதான் அவன் பேர்.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கும்,
நாகவல்லி