நோன்பில்லாத நாளும் கரையுது

நிந்தவூர்
12.08.2024

அன்புள்ள பூமணி அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் எண்டு கை தன்னால எழுதிட்டு. அழிக்கல்ல, அது உங்களுக்கும் நல்லதுதானே. திருகோணமலையில மகளும் பேரப்புள்ளயும் சுகமா? போன்ல கதைச்சா எனக்கு மூச்சு வாங்குது. கடிதமெண்டா படுத்துக்கிட்டே எழுதலாம்.

அந்தச் சிக்குன்குனியாக் காய்ச்சலுக்கு ஆசுபத்திரியில பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல கிடந்தமே, நீங்க எழும்பிப் போயிட்டீங்க. என்ட களைப்பு மட்டும் இன்னும் போகல்ல.

ஆனா ஒரு நல்ல புதினம். வருசக்கணக்கா விட்டுப்போன நோன்பெல்லாத்தையும் கழாவா புடிச்சு முடிக்கத் தொடங்கிட்டன். நோய் வருத்தக்காரி புடிக்கத் தேவையில்ல எண்டுதான் மௌலவி சொன்னவர். சனம் அப்பிடியா சொல்லுது? "சோறு திங்க ஏலும், நோன்பெண்டா மட்டும் வருத்தம்."

அல்ஹம்துலில்லாஹ், ஏலுது. மெலிஞ்சும் போனன். பக்கத்து வீட்டு மசூர்ட மகள்ட கலியாணத்துல எல்லாரும், "என்னடி ஸுஹைறா, குமர்ப்புள்ள மாதிரி ஆகிட்டாய்!" எண்டாளுகள். அங்க விருந்துக்கு அறுக்கக் கட்டின ஒரு ஆட்டுக்கடா கயித்த அறுத்துக்கிட்டு மாப்பிள்ளைட காருக்குள்ள ஏறிட்டு அக்கா, இறங்கவே மாட்டனெண்டு. எங்கட மனிசன் கலந்தர், "விடுங்கடா, அதுக்குத்தான் இந்தக் கலியாணத்துல பெரிய நட்டம்" எண்டாரு.

எங்க விட்டன்? ஓம், மெலிவு. கச்சான் காத்து வெக்கைக்கு ஒரு மாசம் நோன்ப நிப்பாட்டினன். அப்பிடியும் பாவாடைய இன்னொருக்கா ஒடுக்கித் தைச்சன். நோன்புட பறக்கத்து, அந்த அருள், இன்னும் நிக்குது போல. பின்னேரத்துல மேல் சுட்டுக் காயுது, விடியக்குள்ள தலகாணி நனைஞ்சிரிக்கும். எல்லாம் வெக்கைதான்.

உங்கட தங்கச்சி
ஸுஹைறா


திருகோணமலை
21.08.2024

அன்புத் தங்கச்சி ஸுஹைறாவுக்கு,

கடாக் கதைய வாசிச்சு மகள் சிரிச்ச சிரிப்புல பிள்ளை எழும்பிட்டான். நான் சிரிக்கல்ல. அதுக்குப் பிறகு எழுதினதுல நிண்டிட்டன்.

நான் கந்தசட்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிக்கிறவள். மெலிவன். விரதம் முடிச்சுச் சோத்துல கை வெச்சா, கொஞ்ச நாள்ல திரும்பவும் பழைய பூசணிக்காய். விரதத்தால போற சதை சோத்தோட வந்திரும். உனக்கு நோன்பில்லாத மாசமும் கரையுது. அது நோன்பில்ல புள்ள. பழைய களைப்பும் இல்ல. இவ்வளவு காலம் களைச்சுக் கிடந்தும் நீ மெலியல்லயே. இது வேற என்னமோ. டொக்டரிட்டப் போ.

பூமணி அக்கா


நிந்தவூர்
02.09.2024

பூமணி அக்காவுக்கு,

கோவிக்காதீங்க. எனக்குத்தான் கோவம்.

எத்தின டொக்டரிட்டப் போனன்! ரத்தம் எடுப்பாங்க, எல்லாம் சரி எண்டுவாங்க. கடைசியாப் பாத்தவர், "வீட்டுல ஏதும் பிரச்சினையா?" எண்டு கேட்டாரு. கலந்தர் பக்கத்துல நிண்டவர். அதுக்குப் பிறகு நான் "ஏலாது" எண்டாலே மொகத்தத் திருப்புவாரு. இப்பதான் போற வாற ஆக்களுக்கெல்லாம், "ஸுஹைறா நோன்பு புடிக்கிறாள்" எண்டு சொல்லிச் சந்தோசப்படுறாரு. அத நான் கெடுக்கவா?

திரும்பவும் போய் "ஒண்டுமில்ல" எண்டு கேட்டுட்டு வர என்னால ஏலாது அக்கா. சாகிறதெண்டாலும் நோன்போட மவுத்தாகிறன்.

ஸுஹைறா


திருகோணமலை
10.09.2024

ஸுஹைறா,

பொல்லாத வாய் உனக்கு. ஞாயிற்றுக்கிழமை பஸ்ல வாறன். அடுத்த நாள் ஆசுபத்திரி. கலந்தர் தம்பியும் வரட்டும், வெளியில நிக்கட்டும். உள்ளுக்கு நான் வருவன்.

"களைப்பு" எண்டு கதையத் தொடங்காத. தொடங்கினா பழைய இடத்துலயே கொண்டுபோய் விட்டிருவாங்க. மெலிஞ்சன், பின்னேரம் காயுது, ராவுல வேர்க்குது, இதச் சொல்லு. வாய் வராட்டி நான் சொல்லுவன். ஒருவரும் ஒண்டும் கண்டுபிடிக்காட்டியும் நான் உன்னை நம்புறன், விளங்குதா?

அக்கா


நிந்தவூர்
24.11.2024

என்ட பாசமுள்ள பூமணி அக்காவுக்கு,

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசத் தரட்டும். நீங்க போன பிறகு நடந்ததெல்லாம் ஆறுதலா எழுதத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தன்.

அந்த டொக்டர்ப் புள்ள கழுத்தத் தடவக்குள்ள ஒரு கட்டி அம்பிட்டுதே, நெல்லிக்காய் அளவுல, எந்நேரமும் முக்காடு போடுறதால நானே கவனிக்காத கட்டி. அதுல ஊசி குத்தி எடுத்துப் பாத்தாங்க. முடிவு சொல்ற நாள் கலந்தரும் என்னோட உள்ளுக்கு வந்தவர். காசநோயாம். "இருமலே இல்லியே மகள்?" எண்டு கேட்டன். இருமல் இல்லாமலும் கழுத்துல வருமாம். ஆறு மாசம் குளிசை, ஒரு நாளும் விடாமப் போட்டா சுகமாகிருமாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா உசிருக்கே மோசமாம்.

பழைய களைப்பையும் சொன்னன். "அதுவும் வருத்தம்தான் உம்மா. அது வேற, இது வேற. இது போனாலும் அது போகுமெண்டு சொல்ல ஏலாது" எண்டாள். கலந்தர் வெளியில வந்து மர வாங்குல குந்தினாரு. பிறகு நிலத்தப் பாத்துக்கிட்டு, "அப்ப நீ இவ்வளவு காலமும் சொன்னதும் உண்மைதானே" எண்டாரு. அவ்வளவுதான் அக்கா. எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்த மாமி நோன்பப் பத்தி வாய் திறந்தா. "அவள் புடிக்க மாட்டாள் உம்மா. ஆரும் கேட்டா என்னட்டக் கேக்கச் சொல்லுங்க" எண்டு இவரே சொல்லிட்டாரு.

களைப்பு இரிக்கி. இந்தக் கடிதத்துக்கு மூணு தரம் படுத்து எழும்பினன். ஆனா ராவுல வேர்க்கிறல்ல, பாவாடைத் தையல ஒரு பக்கம் பிரிச்சு விட்டிரிக்கன். குசினியில கலந்தர் மீன் ஆணம் காய்ச்சுறாரு. உப்புக் கூடத்தான் போடுவாரு, மணத்துலயே தெரியுது. எண்டாலும் பசிக்குது அக்கா. நல்லாப் பசிக்குது. நான் திங்கப் போறன்.

உங்களால உசிரோட இரிக்கிற
ஸுஹைறா