முதலில் தூக்கியது வண்டியை

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சாப்பாட்டைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். கோபம் உங்கள் மேல்தான், உங்கள் வயிற்றின் மேல் இல்லை. குழாய் ரிப்பேர்காரர் வருவார், தூங்கிவிடாதீர்கள்.

நேற்று உங்கள் பைக்கை ஓட்டிப் பழகும்போது வாசல் மணலில் முன் பிரேக்கைப் பட்டென்று பிடித்துவிட்டேன். வண்டி சாய்ந்து என் கால் அடியில் மாட்டிக்கொண்டது. ஓடி வந்து என்ன கேட்டீர்கள்? "அய்யய்யோ, டேங்க்ல கோடு விழுந்துடுச்சா?" வண்டியைத் தூக்கித் தடவிப் பார்த்தீர்கள். என்னைத் தூக்கியது எதிர்வீட்டுத் தையல்காரம்மா. அது போதாதென்று தம்பிக்குப் போன் போட்டு, "உங்க அண்ணி வண்டியப் படுக்க வச்சுட்டாடா" என்று சிரிப்பு வேறு. ஓட்டப் பழகுகிறவர்கள் வண்டியைக் கீழே போடத்தான் செய்வார்கள். நீங்கள் போடாததா? அன்றைக்கு நான் உங்கள் முழங்காலைப் பார்த்தேனா, வண்டியைப் பார்த்தேனா?

நான் எடுக்கக் கூடாதென்று வண்டிச் சாவியை மாவு டப்பாவில் ஒளித்தால், தினமும் சமைக்கிறவள் கையில் சிக்காதா? இன்று வண்டியில்தான் வேலைக்குப் போகிறேன்.

கிளம்பியவள் திரும்பி உள்ளே வந்து எழுதுகிறேன்: கேட்டருகே மறுபடியும் சாய்ந்துவிட்டது. தெருவில் ஒருவரும் இல்லை. சீட்டில் முதுகைக் கொடுத்துத் தள்ளி, நானே நிமிர்த்திவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் கேட்கமாட்டீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.