பெய்ரூட் மண்ணில் உறங்கும் சூசைக்கு

என் சூசை மச்சான்,

உன் மகளுக்குப் பல் முளைத்துவிட்டது. நேற்று என் விரலைக் கடித்து வைத்தாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்ததும் மற்றதெல்லாம் வருகிறது.

கோவளத்திலிருந்து நாம் இருவரும் ஓட்டல் வேலைக்கென்று பெய்ரூட் போனபோது, உன் பிலோமினா முழுகாமல் இருந்தாள். சில மாதங்களிலேயே அந்த நாட்டில் சண்டை மூண்டது. ஆட்சி யாருக்கு என்று ஆரம்பித்தது, தெருவுக்கு வந்தபோது முஸ்லிம் தெரு, கிறிஸ்தவத் தெரு என்று ஆகிவிட்டது. நடுவே மணல் மூட்டைகள். நம் அறை முஸ்லிம்கள் பக்கம் இருந்தது. நீ வெளியே தலைகாட்ட முடியாது. ரொட்டி வாங்க நான்தான் போவேன்.

"நேத்து வரைக்கும் ஒரே கடையில காப்பி குடிச்சுகினு இருந்தானுங்க. இப்போ இன்னாத்துக்கு மச்சான் சுட்டுக்கிறானுங்க?" என்று கேட்பாய். நான் ரொட்டியைப் பிய்த்து உன் கையில் கொடுப்பேன்.

அப்புறம் உன் வயிற்று வலி. முதலில் வாயு என்றாய். நீ சுருண்டு விழுந்ததும் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினேன். ஆஸ்பத்திரி கிறிஸ்தவர்கள் பக்கம். மூட்டைக்குப் பின்னால் நின்ற கிறிஸ்தவத் துப்பாக்கிக்காரர்கள் உன் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார்கள். பாஸ்போர்ட்டில் ரஹீம் என்ற என் பெயரைப் படித்தார்கள். பெயர் பார்த்து ஆளை இழுத்துக்கொண்டு போவதை இரண்டு பக்கமும் செய்துகொண்டிருந்த நாட்கள் அவை. இவனை ஆஸ்பத்திரிக்கு விடுங்கள், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று அரைகுறை அரபியில் கெஞ்சினேன்.

நீ என் சட்டையை விடவே இல்லை. "இவன் வராம நான் வரமாட்டேன்!" என்று தமிழிலேயே கத்தினாய். அவர்களுக்குப் பேச்சு புரியவில்லை, பிடி புரிந்தது. நரைத்த மீசைக்காரன் ஒருவன் ஏதோ திட்டிக்கொண்டே மூட்டையை நகர்த்தி வழிவிட்டான். அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. பிழைத்திருப்பானா?

குடல் உள்ளேயே வெடித்துவிட்டது என்றார் டாக்டர். உன்னை அங்கேயே அடக்கம் செய்தோம். அந்த ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரீகள் சண்டை கொஞ்சம் அடங்கும்வரை என்னைத் தங்கள் சமையல்கட்டிலேயே வைத்துக் காப்பாற்றி அனுப்பினார்கள்.

ஊருக்குத் தந்தியில் உன் சாவு மட்டும்தான் போயிருந்தது. மீதியைப் பேப்பர் படித்தவர்கள் கட்டிவிட்டார்கள்: சூசையை முஸ்லிம்கள் சுட்டுவிட்டார்கள். நம் ஊர் மாதா கோயில் தெருவும் பள்ளிவாசல் தெருவும் ஒன்றையொன்று முகம் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் உங்கள் மீனை வாங்கவில்லை.

நான் ஊர் திரும்பி வந்தபோது, உன் வீட்டு வாசலில் பிலோமினாவின் அண்ணன் அந்தோணி மறித்தான். "எங்க ஆளக் கொன்னுட்டு இன்னா மூஞ்ச வெச்சுகினு வந்துகீற?"

தெருவே கூடிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. பிலோமினா குழந்தையோடு வெளியே வந்தாள்.

"அண்ணே, கடைசியா இன்னா சொன்னாரு?"

"நெத்திலிக் கொயம்பு கேட்டாம்மா. உன் கையால வெச்சது."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "அவரேதான். சாவுறப்பவும் சோத்து நெனப்பு." பிறகு அந்தோணியிடம் திரும்பினாள். "வழிய வுடு. இவரு அவரு கூட இருந்தாரு. நீ இருந்தியா?"

உன் மகளை என் கையில் கொடுத்தாள்.

இப்போது மீன் வாங்குகிறார்கள். ஆனால் முழுசாக ஆறவில்லை மச்சான். அந்தோணி என்னோடு பேசுவதில்லை. எங்கள் தெருவிலும், "அந்த வூட்டுக்கு இன்னாத்துக்குப் போற?" என்கிறவர்கள் உண்டு. செங்கல்பட்டில் நாஸ்தா கடை போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பஸ் ஏறி உன் வீட்டுக்குத்தான் போகிறேன்.

அப்பா எப்படிச் செத்தார் என்று ஒருநாள் அவள் கேட்பாள். ஆளுக்கொரு கதை சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. அவர்கள் வாயைத் திறக்கும் முன்னால் நான் அவளை உட்காரவைத்து நடந்தது நடந்தபடி சொல்லிவிடுவேன். எந்தத் தெருவுக்குள்ளும் அவள் பயமில்லாமல் நடக்கவேண்டும். அது என் பொறுப்பு.

உன் மகளின் மாமன்,
ரஹீம்