மாற்றத் தலைமையும் மேசை நாற்காலிகளும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று சொல்லாமல் விட்டது: "நோயாளி அங்கே படுத்திருக்கிறார், நாம் இங்கே உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். இது உங்களுக்கு விநோதமாகத் தெரியவில்லையா, சிஸ்டர்?"

பேருந்தில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம். வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் முன்னால் நின்றதும் வாயிலிருந்து வந்தது வேறு: "ஒரு சின்ன முயற்சிதான் சிஸ்டர், உங்களுக்குச் சிரமமே இருக்காது." அவரை எல்லாரும் கமாண்டர் என்று கூப்பிடுவது சும்மா இல்லை. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உன் படிப்புக்கா, நோயாளிக்கா?"

"ரெண்டுக்கும், சிஸ்டர்."

"அப்ப உன் படிப்புக்கு" என்று சொல்லி அனுமதி கொடுத்தார்.

செவிலியர் துறையில் முனைவர் பட்டம். இந்தப் பருவத்தின் பாடம், மருத்துவமனையில் தலைமையும் மாற்றமும். சொந்த வார்டில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்து, அது நடந்த விதத்தை எழுதி, பேராசிரியர் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். தேறாவிட்டால் மருத்துவமனை தந்திருக்கும் படிப்பு விடுப்பு ரத்து. விடுப்பு போனால் பட்டமும் போனது. என் மாற்றம் எளியது. ஷிஃப்ட் மாறும்போது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஓவர் கொடுப்பதை, அதாவது நோயாளிகளின் நிலையை அடுத்து வருகிறவர்களிடம் சொல்லி ஒப்படைப்பதை விட்டு, ஒவ்வொரு படுக்கையருகிலும் போய், நோயாளி காதுபடக் கொடுப்பது.

மார்ச் 6, வியாழன்

நான் டாக்டருக்குப் படிப்பதாக அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள். அந்த வீட்டு ஆன்ட்டி முழங்காலைக் காட்ட வந்துவிட்டார். பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றேன். "அடக்கமான பொண்ணு" என்று அம்மாவிடம் மெச்சிக்கொண்டு போனாராம்.

மார்ச் 10, திங்கள்

முதல் நாள். இரண்டு படுக்கை வரை செவிலியர்கள் வந்தார்கள். மூன்றாவதில் ஒவ்வொருவராகக் கழன்று, திரும்பிப் பார்த்தால் எல்லாரும் மேசையில். பழைய வழக்கத்துக்குத் திரும்பும் வழிகளை அடைக்க வேண்டும் என்கிறது பாடம். அடைத்தேன். மேசையைச் சுற்றியிருந்த நாற்காலிகளை எல்லாம் ஸ்டோருக்கு அனுப்பினேன்.

தலைமை என்பது இவ்வளவுதானா? ஆச்சரியம்தான்.

மார்ச் 14, வெள்ளி

நூறு சதவீதம். எல்லா ஷிஃப்டிலும் படுக்கையருகேதான் ஓவர். பேராசிரியருக்கு வரைபடம் அனுப்பினேன். "அபாரம்" என்று பதில் வந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

எங்கள் எலும்பு முறிவு வார்டின் துணி அறைக்குப் போர்வை எடுக்கப் போனேன். கதவைத் திறந்தால் நாலு பேர். விரிப்பு மூட்டைகள்மேல் உட்கார்ந்து, கையில் டீயோடு, ஓவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒழுங்கான ஓவர். எந்தக் கட்டு நனைந்தது, யார் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, எல்லாம்.

"படுக்கைகிட்ட இப்பத்தானே கொடுத்தீங்க?" என்றேன்.

எல்லாருக்கும் இளையவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அது உங்களுக்கு, அக்கா. இது எங்களுக்கு."

அதில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். ஆக, என் மாற்றத்தின் பலன், வார்டில் தினமும் இரண்டு ஓவர். ஒன்று நாடகம்.

மார்ச் 22, சனி

கூடப் படிக்கும் டயாலிசிஸ் பிரிவுக்காரருக்கு போன் செய்து புலம்பினேன். சிரித்தார். "வாத்தியார் வரைபடத்தத்தான் பாக்கப் போறாரு. உங்க துணி ரூமை வந்தா எட்டிப் பாக்கப் போறாரு?"

எட்டிப் பார்க்க மாட்டார்தான். நூறு சதவீதத்தோடு போய் நின்றால் தேறிவிடுவேன். இல்லை, பேராசிரியர் முன் உண்மையைச் சொல்லித் தோற்றால்? விடுப்பு, பட்டம், அம்மாவின் டாக்டர் — எல்லாம் காலி. என்னடி பண்ணப் போற?

மார்ச் 24, திங்கள்

ஷிஃப்ட் முடிந்து துணி அறைக்குப் போனேன். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தேன். கால் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது. எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

மாற்றத்தை மனிதர்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று எத்தனை புத்தகம் படித்திருப்பேன். கால் வலி என்று ஒருவராவது எழுதியிருக்கலாம்.

நாற்காலிகளை நானே ஸ்டோரிலிருந்து இழுத்து வந்து போட்டேன். ஒருவரும் உதவவில்லை.

ஏப்ரல் 2, புதன்

கமாண்டர் கூட்டம் போட்டார். "அவ திட்டம் சரியா வரல. இனிமே நம்ம திட்டம்." முதலில் மேசையில் உட்கார்ந்து ஒரு டீ, கொஞ்சம் பேச்சு. பிறகு எல்லாரும் எழுந்து படுக்கை படுக்கையாகப் போய், நோயாளி முன்னால் ஓவர். சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்.

எல்லாக் கைகளும் எழுந்தன. என் திட்டத்துக்கு எதிராக நானும் தூக்கினேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

துணி அறையில் துணி மட்டும் இருக்கிறது. இடுப்பெலும்பு உடைந்த லாரி டிரைவர் ஓவரின் நடுவே, "எனக்கு ரெண்டு நாளா அந்த மாத்திரை வரலையேம்மா" என்றார். பார்த்தால் உண்மை. முன்பு போல மேசையில் பேசியிருந்தால் அவருக்கு இடம் ஏது? வார்டில் இதற்குக் கமாண்டர் முறை என்று பெயர். மற்ற வார்டுக்காரர்கள் வந்து பார்த்துப் போகிறார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மே 12, திங்கள்

பேராசிரியர் அறை. துணி அறையையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"அந்த நூறு சதவீதம்?"

"நடிப்பு, சார். அனுப்பும்போது எனக்குத் தெரியாது."

வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினார். "அப்ப இந்த மாற்றத்துக்குத் தலைவர் யாரு?"

"எனக்கு எதிரா ஒண்ணு சேர்ந்தவங்க, சார்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நாற்காலிய எடுத்தேன். அப்புறம் திருப்பிப் போட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று தலைகீழாகப் படிக்கப் பார்த்தேன், முடியவில்லை. வெளியே வந்து கழிவறையில் முகம் கழுவினேன். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

தேறிவிட்டேன். நல்ல மதிப்பெண். டயாலிசிஸ் பிரிவுக்காரருக்கு என்னைவிட அதிகம். அவருடைய வரைபடம் வண்ணத்தில் இருந்தது.

மாற்றத்தை முன்னின்று நடத்தியதற்காக மருத்துவமனை கமாண்டருக்குக் கேடயம் கொடுத்தது. பாராட்டுரை எழுத மேட்ரன் என்னைக் கூப்பிட்டார். "நீதானே இதையெல்லாம் படிக்கிறவ" என்றார். எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

ஜூலை 15, செவ்வாய்

அடுத்த பருவம் தொடங்கிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் நான் வார்டில் இருப்பதில்லை. அந்த நாட்களிலும் ஓவர் படுக்கையருகேதான் நடக்கிறது.