பேசாம கையை நீட்டும்மா

என் மகராசனுக்கு,

உடம்புக்கு ஒண்ணுமில்லையே? இங்கே ஒரு வெட்கக்கேடு, சிரிக்காம படிங்க. பெரியவரைப் பார்த்துக்க வந்த என்னை இப்ப பெரியவர்தான் பார்த்துக்கிறார்.

நான் ஊர் திரும்பினப்புறம் தன் பிரஷரைத் தானே பார்க்கத் தெரிஞ்சாத்தான் அவர் சொந்த வீட்டுல இருக்கலாமாம், இல்லேன்னா முதியோர் இல்லமாம், இங்கே வந்து பார்த்துட்டுப் போற நர்சம்மா சொல்லிட்டாங்க. மெஷினைக் கண்டாலே மனுஷனுக்கு நடுக்கம். அதனால என் கையில பட்டையைக் கட்டிப் பழகவிட்டேன். தினமும், "பேசாம கையை நீட்டும்மா"ங்கிறார். நான் பேசாம இருக்கிறதைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்துவைக்கலை.

நீங்களும் சர்க்கரையைப் பார்த்துக்கோங்க. உங்க பழைய சட்டை ஒண்ணு அனுப்புங்க, மேசை துடைக்கத்தான்.

பெரியவர் கூப்பிடுறார், வரேன்.

உங்க வாயாடி

மறந்துட்டேன், நேத்து நர்சம்மா அவரைச் சோதிக்க வந்தாங்க. ஒரு தப்பில்லாம செஞ்சு காட்டினார். பழக்கதோஷத்துல பட்டையை மட்டும் என் கையில கட்டிட்டார். மெஷின் காட்டினதைப் பார்த்துட்டு, அவர் வீட்டிலேயே இருக்கலாம், நான்தான் டாக்டரைப் பார்க்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க.