குப்பைப் பையில் என் ஊசி

செவ்வாய்க்கிழமை, இரவு

 

காலையில மேருவுல இருக்கிற எங்க வீட்டு வாசல்ல குப்பை லோரி வந்து நின்னுச்சு. பை தூக்குற முருகன் திடீர்னு அலறினான். ஓடிப்போய்ப் பார்த்தா, கையுறையைத் துளைச்சு உள்ளங்கையில ஊசி ஏறியிருக்கு. என்னோட இன்சுலின் ஊசி. நேத்து மீன் செதிலோட சேர்த்து, மூடிகூடப் போடாம நான்தான் பையில போட்டேன்.

"யாரோட ஊசி இது, அக்கா?" அவன் முகம் வெளுத்துப் போச்சு.

பக்கத்து வீட்டுப் பையும் அங்கதான் கிடந்துச்சு. அதைக் கைகாட்டிடலாமான்னு ஒரு நொடி தோணுச்சு. அப்புறம், "என்னோடதுதான் தம்பி"ன்னு சொல்லிட்டேன்.

சோப்பு போட்டுக் கையைக் கழுவ வச்சு, கிளாங் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் எங்க ரெண்டு பேர் ரத்தமும் எடுத்தாரு. "ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் போத்தல்ல போட்டு, இறுக்கி மூடி இங்க கொண்டு வாங்க ஆன்டி. குப்பையில போடாதீங்க லா"ன்னாரு. ஆறு வருஷமா குப்பையிலதான் போட்டுக்கிட்டு இருக்கேன். இதுவரைக்கும் எத்தனை பேர் கையில ஏறுச்சோ.

சாயங்காலம் முருகனோட மனைவி போன் பண்ணுனா. ஏழு மாசம் முழுகாம இருக்காளாம்.

"அக்கா, உங்களுக்கு வேற வியாதி ஒண்ணும் இல்லதானே?"

"இல்லம்மா, சர்க்கரை மட்டும்தான்."

அழுதுக்கிட்டே நன்றி சொல்லி போனை வச்சுட்டா.

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்னு சேர்த்துச் சொல்ல நாக்கு எழல. ரிசல்ட் வெள்ளிக்கிழமைதான் வரும்.